பத்தடி முன்னால் ஒரு ரொட்டிப் பலகை

பதூல் வீட்டு ரொட்டி பன்னிரண்டு வருடமாகப் புளிப்புத்தான். ஃபெஸ் பழைய நகரத்தில் அவள் தெருவுக்கான பொது அடுப்பை நடத்திய பா ஜிலாலிக்கு இது பெரிய மனக்குறை. நூறு வீட்டு மாவு தினமும் பலகைகளில் அவரிடம் வரும். பெயர் எழுதத் தேவையில்லை. மேலே குத்தியிருக்கும் துளைகளையும் விளிம்பு மடிந்திருக்கும் விதத்தையும் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடுவார். பதூலின் மாவைக் கண்டுபிடிக்க அந்தத் திறமைகூட வேண்டாம். தொட்டால் போதும், காற்றுப் போன பந்து மாதிரி உட்கார்ந்துவிடும்.

"ஏம்மா, உன் வீடு எங்க இருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. இந்த வளைவு தாண்டி மூணாவது கதவு."

"மூணாவது கதவிலேருந்து மெக்கா போயிட்டு வர்றியா? காலைல பிசைஞ்சதை ஒரு மணிக்குக் கொண்டாந்து வைக்கிற. செத்த மாவுக்கு உசுரு குடுக்க நான் என்ன ஈசா நபியா?"

பதூல் சிரித்துக்கொண்டே நின்றிருப்பாள். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றும். தெரிந்திருந்தாலும் அவர் வேறு எதுவும் கேட்டதில்லை. நீளமான தட்டுக்கோலில் அவள் ரொட்டியை ஏற்றி, அதிகம் சூடில்லாத ஓரமாகத் தள்ளுவார். இருக்கிற உசிரும் போய்விடக்கூடாது என்று.

பதினோரு வயதில் பதூல் பள்ளிக்கூடத்தை விட்டாள். விட்டாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தம்பி ஜவாத்துக்கு ஆறு வயது ஆனபோது அம்மா அவள் பையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலையில் அவள் கையில் ரொட்டிப் பலகை இருந்தது. பிறகு அப்பாவுக்குப் புது நகரத்தில் அலுவலகக் காவலாளி வேலை கிடைத்து, குடும்பமே அங்கே அடுக்குமாடிக்குப் போனது. ஜவாத் நேர்த் தெருக்களிலும் பேருந்துகளிலும் வளர்ந்து பெரிய பள்ளி வரை படித்தான். பதூலைப் பதினேழு வயதில் பழைய நகரத்துக்கே கட்டிக்கொடுத்தார்கள். கணவன் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவன். நெஞ்சில் நோய் கண்டு அவன் போனபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிள்ளைகள் இல்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் அழைப்புச் சொல்லும் வேலை செய்தாள். கல்யாணமோ பெயர் வைப்போ வந்தால் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைக்க ஒருத்தி வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்தான் அந்த வேலைக்கு வருவார்கள். பதூலோ நாலு வார்த்தை சொல்வதற்குள் முக்காட்டின் நுனியை நாலு முறை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஆனால் ஒரு வீட்டையும் தவற விடமாட்டாள் என்பதால் அவளையே கூப்பிட்டார்கள். எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும், எந்தக் கதவு வெளியே எலி வளை போலவும் உள்ளே அரண்மனை போலவும் இருக்கும், யார் யாரோடு எந்த வருடம் பேச்சை நிறுத்தினார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டாள். பார்த்து வைத்துக்கொள்வாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயதாக இருந்தபோது ஜவாத் அரசாங்கத் தேர்வு எழுதி வழிகாட்டி ஆனான். கழுத்தில் பித்தளை பேட்ஜ். எந்தச் சுல்தான் எந்த வருடம் எந்த மதரஸாவைக் கட்டினான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த மதரஸாவுக்குப் போவது எப்படி என்று மட்டும் தெரியாது.

முதல் குழுவோடு போனவன் மத்தியானம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"அக்கா, செம்புக்காரன் கடைக்கு மூணு தடவை போயிட்டேன்க்கா. எங்க திரும்பினாலும் அவன் கடைதான் வருது. மூணாவது தடவை அவனே எழுந்து ஸலாம் சொல்றான். 'வாங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க'ன்னு."

பதூல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் கையைக் கழுவச் சொல்லி, சாப்பாடு எடுத்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு பொம்பளை ரொட்டிப் பலகையோட நடந்தா எங்க போறேன்னு யாராவது கேப்பாங்களாடா?"

"கேக்கமாட்டாங்க."

"அப்போ நான் முன்னால போறேன். நீ பின்னால வா. பத்தடி விட்டு வா."

இப்படித்தான் தொடங்கியது. அலைபேசியில் வழி பார்ப்பதெல்லாம் வராத காலம். காலை எட்டரைக்கு அவன் பழைய நகரத்து நுழைவாயிலான நீல வாசலில் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி நிறுத்தியிருப்பான். பதூல் பலகையோடு வந்து, அவனைத் தெரியாதவள் போலக் கடந்துபோவாள். பலகை தலையில் இருந்தால் நேரே. வலது இடுப்புக்கு இறங்கினால் வலப்பக்கம். இடது இடுப்புக்கு வந்தால் இடப்பக்கம். அவள் நின்று துணியின் முடிச்சைச் சரிசெய்தால் எதிரே பாரம் ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது, எல்லோரையும் சுவரோரமாக நிறுத்து என்று அர்த்தம். அவன் கையைத் தூக்கி நிறுத்திச் சில நொடிகள் கழித்துத்தான் "பாலக்! பாலக்!" என்று, வழி விடச் சொல்லி, கழுதைக்காரன் கத்துவது கேட்கும். வந்தவர்கள் வாயைப் பிளந்து ஜவாத்தைப் பார்ப்பார்கள். இவருக்குக் காது எவ்வளவு கூர்மை என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

அவர்கள் பேசிக்கொள்வது பதூலுக்குப் புரியும். முதல் இரண்டு வருடம் புரியவில்லை. பிறகு தினமும் பின்னாலிருந்து வந்து முதுகில் விழுந்த பிரெஞ்சு மெல்ல மெல்லப் பிரிந்து வார்த்தைகளாயிற்று. அதன் பிறகு ஸ்பானியம். யாரோடும் ஒரு சொல் பேசிப் பார்த்ததில்லை. வீட்டில் தனியாக மாவு பிசையும்போது தம்பியின் குரலில் சொல்லிப் பார்ப்பாள்: 'சீமான்களே, சீமாட்டிகளே, இந்த நீரூற்றைப் பாருங்கள்.' பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள்.

அந்த நீரூற்று விஷயத்தில்தான் அவளுக்குப் பொறுக்காது. மாதுளைச் சந்தின் முனையில் பச்சை ஓடு பதித்த சின்ன நீரூற்று அது. ஒரு சுல்தான் தன் மகளுக்காகக் கட்டியது என்று ஜவாத் சொல்வான். அந்தத் தெருக் கிழவிகள் பதூலிடம் சொன்னது வேறு. பிள்ளையில்லாத ஒரு விதவை தன் கைவளைகளை விற்றுக் கட்டினாளாம். பெயர் பொறிக்க வந்த கொத்தனைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம், தண்ணி குடிக்க வர்றவங்க என் பேரையும் சேத்துக் குடிக்க வேணாம் என்று. இதைத் தம்பியிடம் ஒருமுறை சொன்னாள்.

"விதவைன்னா யாருக்கா போட்டோ எடுப்பாங்க?" என்றான் அவன். "சுல்தான்னா பத்து பேரும் எடுப்பாங்க."

அதற்குப் பிறகு அந்த இடத்தில் மட்டும் அவள் வேகமாக நடப்பாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஜவாத் எதையோ மடித்துக் கையில் வைப்பான். அவள் எண்ணிப் பார்த்ததில்லை. ரொட்டி மட்டும் தினமும் புளித்தது. நொதிமாவைக் குறைத்துப் பார்த்தாள், குளிர்ந்த நீரில் பிசைந்து பார்த்தாள். ஐந்து மணி நேரம் வெயிலிலும் நிழலிலும் ஊர் சுற்றும் மாவை எதைக் கொண்டும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வருடம் பெரிய பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பு வழிகாட்டிகள் அலுவலகத்தின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பதூல் பலகையை இறக்கி வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வெகுகாலம் நகரத்தில் வழி காட்டியவர்களுக்கு இந்த ஒரு தடவை மட்டும் வாய்மொழித் தேர்வு. பேட்ஜ் உள்ள வழிகாட்டி ஒருவர், 'இவர் பத்து வருடத்துக்கு மேல் இந்தத் தொழில் செய்வதை நான் அறிவேன்' என்று கையெழுத்திட வேண்டும். முதல் தடவை படித்தபோது நம்பவில்லை. மறுநாளும் போய்ப் படித்தாள். மூன்றாம் நாள் உள்ளே போய், எழுத்தர் முகத்தைப் பார்க்காமல், ஒரு படிவம் கேட்டு வாங்கி வந்தாள்.

ஜவாத் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

"நீ பேசுவியாக்கா? பத்து பேர் முன்னால நின்னு?"

"பேசுவேன்."

"இப்போ என் முகத்தைப் பாத்தே பேச மாட்டேங்கிற. நிலைப்படியப் பாத்துப் பேசற."

"நீரூத்தப் பத்தி மட்டுமாவது பேசுவேன்."

அவன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி. பெருநாள் முடியட்டும். போட்டுத் தர்றேன். என் அக்காவுக்கு நான் போடாம வேற எவன் போடுவான்?"

அந்த ஒரு மாதம் பதூலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிசைந்த மாவின் மீது பிரெஞ்சு கொட்டியது. நீரூற்று, மதரஸா, தோல் தொட்டிகள், எல்லாவற்றுக்கும் தன் சொந்தப் பேச்சைத் தயார் செய்தாள். கணவனின் கால்கள் வருடம் பூராவும் சாயமேறி மஞ்சளாக இருந்ததையும் அதில் சேர்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். மறுபடியும் சேர்த்தாள்.

பெருநாளுக்கு மறுநாள் ஒன்பது ஜெர்மானியர்கள் வந்தார்கள். அன்று நடந்தது முழுக்க அவள் தவறு.

பெரிய பெருநாள் என்றால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஆடு அறுப்பார்கள். பொது அடுப்புகள் எல்லாம் மூடிக்கிடக்கும். முந்தின நாளே மூன்று நாளைக்கான ரொட்டியைச் சுட்டு முடித்துவிட்டு அடுப்புக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். தெருமுனைகளில் தீ மூட்டி ஆட்டுத்தலைகளை வாட்டிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதூலுக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடப் பழக்கம், காலையில் கை தானாக மாவு பிசைந்தது, பலகையை எடுத்தது, கிளம்பியது. மனசு படிவத்தில் இருந்தது. முந்தைய பெருநாள்களில் குழு எதுவும் வந்திருக்கவில்லை.

முதல் திருப்பத்திலேயே தலை வாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

"பதூல்! அடுப்பு பூட்டிக்கிடக்கே, எங்க தூக்கிட்டுப் போற?"

யார் வீட்டுக்கோ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அதுபாட்டுக்கு, "அடுப்புக்கு" என்றது.

அடுத்த தீயிலும் ஒருத்தி கேட்டாள். அதற்கடுத்த தீயில் மூன்று பேர். "பா ஜிலாலி முந்தாநாளே மலைக்குப் போயிட்டாருடி! நீ மலைக்கா போற?" தெரு முழுக்கச் சிரிப்பு முன்னால் ஓடியது. பதூல் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள், சட்டென்று திரும்பித் தம்பியைப் பார்த்தாள். பத்தடி பின்னால் ஜவாத் நின்றுவிட்டான். அவன் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். எதிர்ச் சந்திலிருந்து தன் குழுவோடு வந்துகொண்டிருந்த செப்தி என்ற மூத்த வழிகாட்டியும் நின்றான். அவன் கண் பலகையிலிருந்து ஜவாத்துக்குப் போனது, ஜவாத்திலிருந்து பலகைக்கு வந்தது.

"அட, ஜவாத்து!" என்றான் செப்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. "நானும் பன்னெண்டு வருசமா யோசிக்கிறேன், புது நகரத்துப் பையன் எப்படிடா வழி தப்பாமப் போறான்னு. அக்கா இடுப்ப விட்டு நீ இன்னும் இறங்கவே இல்லையா?"

சாயங்காலத்துக்குள் நீல வாசல் அருகிலிருக்கும் வழிகாட்டிகளின் காபிக்கடையில் ஜவாத்துக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. அவன் உள்ளே நுழைந்ததும் ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்து, காபித் தட்டைத் தலையில் வைத்து, இடுப்பை ஆட்டி நடந்து காட்டினானாம். இதை பதூலுக்கு ஜவாத்தே சொன்னான். வாசலில் நின்றபடி, உள்ளே வராமல்.

"வேணும்னு பண்ணியா?"

"சத்தியமா மறந்துட்டேன்டா."

"ஊரே மறக்காததை நீ மறந்துட்ட."

அவள் படிவத்தை எடுத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம் தெரியுமா? செப்தி சொன்னதெல்லாம் நெசம்னு நானே எழுதிக் குடுக்கற மாதிரி. பேட்ஜைக் கழட்டி உன் கழுத்துல போட்டுட்டுப் போயிடலாம்."

"நெசம்தானேடா" என்றாள் பதூல், நிலைப்படியைப் பார்த்து.

அவன் போய்விட்டான். மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவள் செப்தியிடமே ஒருநாள் போய் நின்றாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே ஆச்சரியம். செப்தி மரியாதையாகத்தான் பேசினான், எழுந்து நின்று, லல்லா என்று அழைத்து.

"லல்லா பதூல், இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச வழியில பாதி எனக்குத் தெரியாது. ஆனா நான் பாத்தது என்ன? ஒரு அம்மா ரொட்டி எடுத்துட்டுப் போறதத்தான் பாத்தேன். ரொட்டிக்கு வேணும்னா சாட்சி சொல்றேன்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "கூடப்பொறந்தவன் போடாததை நாங்க போட்டா, நாளைக்கு எங்க ஒவ்வொருத்தன் முன்னால யார் நடக்கறான்னு தேட ஆரம்பிப்பாங்க. போயிட்டு வாங்க."

படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின மாலை ஜவாத் வந்தான். கையில் ஒரு கூம்புச் சர்க்கரை இருந்தது. சமாதானத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது. பதூல் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"நாளைக்குப் பதினாலு பேர்க்கா. பெரிய கம்பெனி ஆளுங்க. நல்லா முடிச்சுக் குடுத்தா வருசம் பூரா எனக்கே அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. தனியா போய்ப் பாத்தேன் இந்த வாரம். செம்புக்காரன் கடைதான் மறுபடியும்." சிரிக்கப் பார்த்தான். "இந்த ஒரு தடவை. பலகை வேணாம்னாலும் பரவாயில்ல, கூடை எடுத்துக்க."

"ஆபீஸ் நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பூட்டிடுவாங்க."

"பத்தரைக்குத் தச்சர் சதுக்கத்துல டீக்கு நிறுத்துவேன்ல? அங்க போட்டுத் தர்றேன். அங்கிருந்து ஆபீஸ் உனக்குப் பத்து நிமிசம்."

"சொன்னா சொன்னபடி?"

"அம்மா மேல."

அவள் பலகையைத்தான் எடுத்துக்கொண்டாள். துணிக்கடியில், ரொட்டிகளுக்கு ஒட்டாமல் ஒரு ஓரமாக, படிவமும் பேனாவும் இருந்தன. அன்றைக்கு அவள் நடந்த மாதிரி என்றைக்கும் நடந்ததில்லை. ஒரு கழுதை குறுக்கே வரவில்லை, ஒரு திருப்பத்தில் ஒருவர் பின்தங்கவில்லை. நகரம் அவளுக்குக் கதவு கதவாகத் திறந்து வழிவிட்டது. நீரூற்றின் அருகே ஜவாத்தின் பேச்சில் சுல்தானும் அவன் மகளும் வந்தபோதுகூட அவள் வேகமாக நடக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்குத் தச்சர் சதுக்கத்தில் பதினான்கு பேரும் புதினா டீயோடு உட்கார்ந்தார்கள். ஜவாத் கால்மேல் கால் போட்டு நடுவில் இருந்தான். பதூல் சுவரோரமாக நின்று காத்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கால் மணி ஆயிற்று. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் அந்தப் பத்தடியைக் கடந்தாள். மேசையருகே போய்ப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

பேச்சு நின்றது. பதினான்கு முகங்கள் அவளைப் பார்த்தன. ஜவாத்தின் காது சிவந்தது. சதுக்கத்தின் மறுபக்கம் செப்தியின் ஆட்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் அவள் கவனித்தாள்.

"யார் இந்த அம்மா?" என்று சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் பிரெஞ்சில் கேட்டாள்.

ஜவாத் புன்னகைத்தான். அதே மொழியில், நிதானமாக, நீரூற்றைப் பற்றிச் சொல்லும் குரலில் சொன்னான்: "எங்கள் தெருவில் ரொட்டி சுமக்கும் ஏழைப்பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஏதாவது காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவாள். இவர்களுக்கு நாங்கள் உதவாமல் யார் உதவுவார்கள்?"

அடடா என்றாள் சிவப்புத் தொப்பி. ஜவாத் படிவத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்து, நாலாக மடித்து, அதன் மேல் பத்து திர்ஹம் நாணயம் ஒன்றை வைத்து அவள் கையில் கொடுத்தான். பிறகு தங்கள் மொழியில், உதடு அசையாமல், "அப்புறம்க்கா, அப்புறம். பாக்கறாங்க" என்றான்.

அவன் பிரெஞ்சில் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அவனிடமிருந்துதான் கற்றாள் என்பதும் தெரியாது. பதூல் நாணயத்தைப் பார்த்தாள். நன்றி சொல்லும் பாவனையில் தலையைக் குனிந்தாள். பலகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார்கள். வருகிறார்கள்.

தோல் தொட்டிகளுக்கு நேரே போக வேண்டும். பலகையை இடது இடுப்புக்கு இறக்கினாள். அடுத்து மறுபடியும் இடது. பிறகு வலது. சந்து ஒடுங்கியது. மேலே வீடுகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றதால் பகலிலேயே இருட்டு. பின்னால் ஜவாத்தின் பேச்சு குறைந்து, காலடிகள் மட்டும் கேட்டன. கடைசித் திருப்பத்துக்கு அப்பால் சந்து ஒரு சுவரில் முடிந்தது. அங்கே ஒரே ஒரு கதவு. அழைப்புச் சொல்லப் போன காலத்திலிருந்து அவளுக்குத் தோழியான யமீனாவின் வீடு. பதூல் உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

"என்னடி, பேய் துரத்துதா?" என்றாள் யமீனா, கையில் வெங்காயத்தோடு.

"தம்பி."

வெளியே காலடிகள் வந்து நின்றன. முதலில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ இருமினார்கள். பதூல் கதவில் கையை வைத்தபடி நின்றாள். இப்போது திணறுவான், செம்புக்காரன் கடை நாளைப் போலச் சட்டை நனையும் என்று காத்திருந்தாள். ஜவாத்தின் குரல் கேட்டது.

"சீமான்களே, சீமாட்டிகளே, இந்தச் சந்து எந்தப் புத்தகத்திலும் இருக்காது. உங்களுக்காகத்தான் இங்கே கூட்டிவந்தேன். எந்த வழிகாட்டியும் வராத இடம். இந்தக் கதவுக்குப் பின்னால், முந்நூறு வருடமாக எதுவும் மாறவில்லை. கேளுங்கள், எவ்வளவு அமைதி."

கேமராக்கள் சொடுக்கும் ஒலி. வியப்பில் யாரோ மூச்சை இழுத்தார்கள். "அற்புதம்" என்றது சிவப்புத் தொப்பியின் குரல்.

"என்ன சொல்றான் உன் தம்பி?" என்று யமீனா கிசுகிசுத்தாள்.

"உன் வீட்டை விக்கிறான்."

பதூல் மாடிக்கு ஏறினாள். துணி காயும் கொடிகளுக்கு இடையே போய்க் கைப்பிடிச்சுவர் வழியாகக் கீழே பார்த்தாள். அவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரிவு வந்த இடத்தில் ஜவாத் நின்றான். வலமா இடமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிடரி அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் பை மாட்டிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பார்த்த அதே பிடரி. அவளுடைய வலது கை, யாரும் கேட்காமலே, இடுப்பு உயரத்துக்கு எழுந்திருந்தது. அதைக் கண்டு அவளுக்கே எரிச்சல் வந்தது. கையை இறக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சிறுவயதுக்காரி, யாரென்று பதூலுக்குத் தெரியவில்லை. தலையில் ரொட்டிப் பலகை, மேலே கோடு போட்ட துணி. அவள் அடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஜவாத் அவளைப் பார்த்தான். இந்தப் பகுதியின் பொது அடுப்பு பெரிய தெருவில்தான் இருக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை பதூல்தான் அவனுக்குச் சொல்லியிருந்தாள். கையைத் தூக்கித் தன் ஆட்களை நிறுத்தினான். அந்தப் பெண் கடந்து போகும்வரை விட்டான். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோல இருந்தது. பத்தடி ஆனதும் நடக்க ஆரம்பித்தான். பதினான்கு பேரும் அவன் பின்னால் போனார்கள். சிவப்புத் தொப்பி ஓடி முன்னால் வந்து அந்தப் பெண்ணை ஒரு படம் எடுத்தாள்.

பதூல் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அலுவலகம் இருக்கும் பக்கம் கூரைகள் மட்டுமே தெரிந்தன. பன்னிரண்டு மணி ஆகியிருக்கும்.

மறுநாள் காலை பா ஜிலாலி முதல் ரொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, விடியலில் பிசைந்த மாவோடு அவள் வீட்டிலிருந்து நேரே அங்கே வந்தாள். பதூல் பலகையை இறக்கினாள். அவர் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டே துணியை விலக்கி, விரலால் மாவை அழுத்தினார். அழுத்திய இடம் மெல்ல எழும்பி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார்.

"என்னம்மா இது, உசுரோட இருக்கு? வழியில எங்கயும் போகலையா?"

"இல்ல பா ஜிலாலி."

துணிக்கடியில் மடித்துக்கிடந்த காகிதத்தை அவர் பார்த்தார். துணியை மறுபடி அதன் மேல் இழுத்துவிட்டார். கூலிக்கு அவள் பத்து திர்ஹம் நாணயத்தை வைத்தபோது, "இது ரொம்ப அதிகம்" என்றார்.

"வச்சுக்குங்க."

இந்தத் தடவை அவர் ஓரமாகத் தள்ளவில்லை. நடுச்சூட்டில் வைத்தார். ரொட்டிகள் குப்பென்று பொங்கி, மேலே பொன்னிறம் பிடித்து வந்தன. வீட்டுக்குப் போய் அவள் ஒன்றைப் பிட்டு, ஆலிவ் எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டாள். புளிப்பே இல்லை. தெருவின் மற்ற வீடுகளில் தினம் தின்ற ரொட்டி இதுதான். நன்றாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டாள்.